தலைக்கும் ஓர் ஆடை

‘அறுவையில்லா முடி மாற்று’ என்னும் தொடர் இன்று நம் நகரங்களின் கடைப் பலகைகளிலும் நாளிதழ் விளம்பரங்களிலும் கைப்பேசித் திரைகளிலும் நிலையாக இடம்பிடித்துவிட்டது. தமிழ் கற்பித்துப் பழகியவன் ஒரு தொடரைக் கண்டால் அதைப் பிரித்துப் பொருள் பாராமல் இருத்தல் அரிது. இத்தொடரின் முதற்சொல் எதைக் குறிக்கிறது? கத்தி இல்லை, குருதி இல்லை என்கிறதே ஒழிய, என்னதான் இருக்கிறது என்பதை அது சொல்லவில்லை. சட்டைக் கடை வைத்திருக்கும் ஒருவர் தம் கடைக்கு ‘அறுவையில்லாத் தோல் மாற்று நிலையம்’ என்று பெயர் சூட்டினால் நாம் நகைப்போம். செருப்பு விற்பவர் ‘அறுவையில்லாப் பாத மாற்று’ என்று பலகை எழுதினால் அவருக்கு என்ன நேர்ந்ததோ என்று இரங்குவோம். தலைமுடி என்று வந்துவிட்டாலோ, நகைப்பையும் இரக்கத்தையும் மறந்து பணப்பையைத் திறக்கிறோம்.

அப்பலகைக்குப் பின்னால் பெரும்பாலும் விற்கப்படுவது பொய்ம்முடி. நம் பாட்டன்மார் அதை டோப்பா என்றனர். நம் மாணாக்கர் விக் என்கின்றனர். பொய்ம்முடி அணிதல் தீது என்று வாதிட இக்கட்டுரையை நான் எழுதவில்லை. அஃது ஓர் ஆடை; தலைக்கு உரிய ஆடை. ஆடையை ஆடையென்று கூறி விற்கவேண்டும் என்பதும், அதை உடுத்தியவரைப் பார்த்து நகைப்பது பேதைமை என்பதுமே என் வழக்கு. விற்பவர் அதை மருத்துவம் என்கிறார். ஊரார் அதை மானக்கேடு என்கிறார்கள். இவ்விரு கூற்றுகளும் ஒன்றையொன்று ஊட்டி வளர்க்கின்றன. இடையில் அகப்பட்டுப் பொருளையும் மன அமைதியையும் இழப்பவர்களுள் நம் இளம் ஆசிரியர்களும் நம் வகுப்பறைப் பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

முதலில் பொருளை அறிவோம். தலையின் அளவெடுத்து, மெல்லிய வலைத்துணியாலோ தோல் போன்ற நெகிழிப் படலத்தாலோ ஓர் அடித்தளம் செய்கிறார்கள். அதில் மனித முடியையோ செயற்கை இழையையோ கொக்கி ஊசி கொண்டு சிறிது சிறிதாக முடிச்சிடுகிறார்கள். மிக நுண்ணிய கைவேலை. செய்பவரின் பொறுமையைப் போற்றத்தான் வேண்டும். சீனாவின் ஹெனான் மாநிலத்திலுள்ள சூச்சாங் நகரம் இத்தொழிலால் பெயர்பெற்றது. இவ்வாறு செய்த தளத்தை வழுக்கைப் பகுதியின்மேல் இருபக்க ஒட்டுநாடாவாலோ பசையாலோ ஒட்டுகிறார்கள். அல்லது எஞ்சியுள்ள சொந்த முடியோடு பின்னியோ சிறு கவ்விகளால் கவ்வியோ நிறுத்துகிறார்கள். ஒட்டிய அன்று கண்ணாடியில் தெரியும் முகம் ஒருவனைப் பத்தாண்டு பின்னோக்கி அழைத்துச் செல்லக்கூடும். அந்த மகிழ்ச்சியை நான் குறைத்து மதிப்பிடவில்லை.

மறுநாள் முதல் நடப்பதைத்தான் விளம்பரம் பேசுவதில்லை. தலைத்தோல் உயிருள்ளது, அது வியர்க்கும், எண்ணெய் சுரக்கும். நம் நாட்டு வெப்பத்திலும் ஈரக்காற்றிலும் பசை இளகாமல் என்ன செய்யும்? இரண்டு மூன்று வாரங்களுக்கு ஒருமுறையேனும் அதைக் கழற்றி, தோலையும் தளத்தையும் கழுவி, மீண்டும் ஒட்டவேண்டும். தலையிலிருந்து பிரிந்த முடிக்கு வேரிலிருந்து எண்ணெய்ப் பசை கிட்டுவதில்லையாதலால் அது வறண்டு, நிறம் மங்கி, முடிச்சிலிருந்து கழன்று உதிரும். அடித்தளத்தின் மென்மைக்கேற்பச் சில மாதங்களிலோ ஓராண்டு வாக்கிலோ புதிது வாங்கவேண்டும். எவ்வளவு இயற்கையாகத் தோன்றுகிறதோ அவ்வளவு விரைவில் அது நைந்துபோகும் என்பது இத்தொழிலில் உள்ளோர் அனைவரும் அறிந்த உண்மை. ஆகவே வாங்குபவர் ஏற்பது ஒருமுறைச் செலவை அன்று. மாதவாடகை போன்ற ஒரு கடமையை. முதல் நாள் விலையை மட்டும் கூறி, அவ்வாடகையைக் கூறாமல் விடுவது எவ்வகை நேர்மை?

பசை சிலர் தோலுக்கு ஒவ்வாமல் அரிப்பும் தடிப்பும் உண்டாக்கும். சொந்த முடியோடு இறுக்கிப் பின்னும் முறையில் இன்னொரு கேடும் உண்டு. ஓயாது இழுபடும் முடி வேரோடு தளர்ந்து உதிரும். இழுவை நெடுநாள் நீடித்தால் அவ்விடத்தில் மீண்டும் முளைக்காமலே போகும். இருக்கும் முடியைக் காப்பதற்கென்று வந்தவர் அதையும் பறிகொடுக்கிறார். (ஒவ்வொரு நாளும் நெற்றி சுருங்கும்படி இறுக்கிச் சடை பின்னி மகளைப் பள்ளிக்கு அனுப்பும் தாய்மாரும் இதை நினைவிற்கொள்வது நன்று.) முடியின்மேல் தூவும் நுண்ணிழைத் தூள், தலைத்தோலில் ஊசியால் குத்தும் நிறமிப் புள்ளிகள் முதலியனவும் இவ்வணிகத்தில் அடங்கும். முன்னது தலை குளித்தால் போகும். பின்னது சில ஆண்டுகளில் மங்கும். இவையும் ஒப்பனையே.

இம்முடி எங்கிருந்து வருகிறது என்பதையும் நம்மவர் அறிதல் வேண்டும். உலகச் சந்தையில் உயர்வாக மதிக்கப்படும் மனித முடியில் ஒரு பகுதி இந்தியக் கோயில்களில் காணிக்கையாக இறக்கப்பட்டது. திருப்பதியில் சேரும் முடியைத் தேவஸ்தானமே ஏலத்தில் விற்கிறது. தலையில் இருந்தபடியே மழித்துச் சேர்ப்பதால் அம்முடியின் வேர்ப்பக்கம் ஒரு திசையாகவும் நுனிப்பக்கம் ஒரு திசையாகவும் அமைகின்றன; முடியின் மேலுள்ள செதில்கள் ஒரே முகமாக இருப்பதால் சிக்கு விழுவதில்லை; விலையும் கூடுகிறது. சீப்பில் சிக்கியதை உருட்டிச் சேர்த்த முடிக்கு அத்தரம் வாராது. யூத சமயத்தில் திருமணமான பெண்கள் பலர் பொய்ம்முடி அணிவதுண்டு. 2004-ஆம் ஆண்டில் அச்சமயத் தலைவர் சிலர், இந்தியக் கோயில் முடி தங்கள் நெறிக்கு ஒவ்வாதென்று தீர்ப்பளிக்க, நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியிலும் இஸ்ரேலிலும் பொய்ம்முடிகள் தீயிலிடப்பட்டன. ஒரு தமிழ்ப் பெண் ஆணவம் நீங்க இறைவன் திருமுன் துறந்த முடி, கடல் கடந்து வேறொரு பெண்ணின் தலையில் அடக்கத்தின் அடையாளமாக ஏறிப் பின்னர்த் தெருவில் தீட்டாக எரிந்திருக்கலாம். அம்முடி எவ்விடத்தும் மாறவில்லை. மாந்தர் அதன்மேல் ஏற்றிய பொருளே மாறியது.

அப்படியானால் இரவல் முடிக்கு நாம் ஏற்றியிருக்கும் பொருள் யாது? நம் மரபில் அஃது ஒருபோதும் இழிவாக இருந்ததில்லை. நம் பாட்டிமார் சவரி முடி வைத்துப் பின்னிக்கொண்டனர். அதைச் சுவரில் ஆணியடித்துத் தொங்கவும் விட்டனர். எவரும் எவரையும் ஏமாற்றியதாகக் கருதவில்லை. நம் பள்ளிகளில் பரதநாட்டியம் ஆடும் சிறுமிக்கு இடுப்பளவு சவரிச் சடையை நாம் கட்டிவிடுகிறோம், குஞ்சலமும் தொங்கவிடுகிறோம். பெற்றோர் அதைப் படம்பிடித்து மகிழ்கின்றனர். கூத்திலும் நாடகத்திலும் அரசனும் முனிவனும் டோப்பா அணியாமல் மேடையேறியதுண்டா? நடிகர் ரஜினிகாந்த் திரையில் அடர்ந்த முடியோடு தோன்றுகிறார். பொதுமேடைக்கோ வழுக்கையோடும் நரைத்த தாடியோடும் வருகிறார். அவர் புகழில் ஓர் இழையேனும் உதிர்ந்ததா? திரைக்கு அணிவது வேடத்துக்கு உரிய உடை. அதைக் கழற்றுவதற்கு அவர் நாணவில்லை. நாமும் அவரை நாணச் செய்யவில்லை. இத்தெளிவு நம் அடுத்த வீட்டுக்காரரிடத்தும் உடன் பணியாற்றும் ஆசிரியரிடத்தும் மட்டும் ஏன் நம்மை விட்டு அகன்றுவிடுகிறது?

இனி, மருத்துவம் என்னும் போர்வையை விலக்கிப் பார்ப்போம். முடி உதிர்தல் ஒரே நோய் அன்று. பல காரணங்களால் வருவது. தலையில் ஏறக்குறைய ஓர் இலக்கம் முடிகள் உள்ளன. நாளொன்றுக்கு 50 முதல் 100 வரை உதிர்வது இயல்பு. டெங்கிக் காய்ச்சல் போன்ற கடுங்காய்ச்சல், மகப்பேறு, பெரும் மனத்துயர் இவற்றுக்குப் பின் இரண்டு மூன்று மாதங்கள் கழித்துக் கைப்பிடி கைப்பிடியாக உதிர்வதுண்டு. வேர்கள் மாளாமல் ஓய்வு கொள்வதே அதற்குக் காரணம். பெரும்பாலோருக்குச் சில மாதங்களில் முடி தானே திரும்பும். இந்நிலையில் அஞ்சிக் கடைக்குச் செல்பவரிடம் ஆறு மாதத் தொகுப்பு ஒன்றை விற்றுவிடுகிறார்கள். ஆறாம் மாதம் முடி வளர்ந்து நிற்கிறது. புகழ் யாருக்கு? கடைக்கு! சேவல் கூவியதால்தான் பொழுது விடிந்தது என்னும் கணக்கு இது.

புழுவெட்டு என்று நாம் கூறுவது மற்றொன்று. அதில் புழுவும் இல்லை, வெட்டும் இல்லை. உடலைக் காக்கவேண்டிய எதிர்ப்பாற்றலே முடிவேரைப் பகையென்று கருதித் தாக்குவதால் காசளவு வட்டமாகத் தொடங்கிச் சிலருக்குத் தலை முழுவதும் பரவுவது அது. குழந்தைகளுக்கும் வரும், ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றாது. இதன் கடுமையான வகைக்கு உரிய மாத்திரை ஒன்றை 2022-ஆம் ஆண்டில்தான் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு முதன்முதலாக ஏற்றது. தைராய்டுக் கோளாறும் இரும்புச்சத்துக் குறைவும்கூட முடியை உதிர்க்கும். குருதிச் சோதனையில் அவை தெரிந்துவிடும்.

ஆண்களுக்கு நெற்றி ஏறி, உச்சி மெலியும் பரம்பரை வழுக்கையோ, ஆண்மைச் சுரப்புநீரின் ஒரு மாற்றுருவம் வேர்களைச் சிறுகச் சிறுகச் சுருக்குவதால் நேர்வது. இதற்கு மெய்யான மருந்து இல்லாமல் இல்லை. குருதியழுத்த மாத்திரையாக வந்த மினோக்சிடில், உண்டவர் உடலில் முடி வளரக் கண்டபின் பூசுமருந்தாக மாற்றப்பட்டு 1988-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. பினாஸ்டரைடு மாத்திரை 1997-இல் இதே பயனுக்கு ஒப்புதல் பெற்றது. மருத்துவர் எழுதித் தந்தே உண்ணத்தக்கது. இவையும் எல்லார்க்கும் ஒரே அளவில் பயன் தருவன அல்ல. நிறுத்தினால் சில மாதங்களில் பயனும் நின்றுவிடும். குறையோடு கூடிய மருந்துகளே. ஆயினும் அக்குறை உறையின்மேல் அச்சிடப்பட்டுள்ளது. வெள்ளை அங்கி அணிந்து, தோல் மருத்துவம் பயிலாமலே ‘ஆலோசகர்’ என்று அமர்ந்திருப்பவரின் சொல்லுக்கு அத்தகைய உறை ஏது?

எனக்குத் தெரிந்த இளம் ஆசிரியர் ஒருவர், பயிற்சி முடித்து முதற் பணியில் அமர்ந்த ஆண்டிலேயே இத்தகைய நிலையம் ஒன்றில் நுழைந்தார். இலவசச் சோதனை என்றார்கள். உருப்பெருக்கிக் கருவியைத் தலையில் வைத்துத் திரையில் காட்டினார்கள். அவ்வளவு பெரிதாக்கிக் காட்டினால் எவர் தலையும் பாழ்நிலமாகத்தான் தோன்றும். இன்றே ஒப்பமிட்டால் பாதி விலை, நாளை இல்லை என்றார்கள். கடனட்டையில் சில ஆயிரம் ரிங்கிட் போயிற்று. அவருக்குக் கிடைத்தது எண்ணெய் தடவுதலும் நீராவியும் இறுதியில் ஒரு பொய்ம்முடியும். முதலிலேயே அதைப் பொய்ம்முடி என்று கூறியிருந்தால் விலை விசாரித்து, நான்கு கடை பார்த்து, தம் ஊதியத்துக்கு ஏற்றதை வாங்கியிருப்பார். ‘ஏன் ஐயா சென்றீர்கள்?’ என்று கேட்டேன். வகுப்பில் கரும்பலகைப் பக்கம் திரும்பும்போதெல்லாம் பின்னால் எழும் சிரிப்பைத் தாங்க இயலவில்லை என்றார். ஆசிரியர் அறையிலும் அவருக்கு ஒரு பட்டப்பெயர் இருந்ததாம்.

இங்குதான் என் குற்றச்சாட்டு கடைக்காரரை விட்டு நம் பக்கம் திரும்புகிறது. அந்நிலையத்துக்கு முதலீடு எது? இயந்திரமும் அன்று, எண்ணெயும் அன்று, நம் எள்ளல். சொட்டை, மொட்டை, விளக்கு, விமான நிலையம் என்று நாம் சூட்டும் ஒவ்வொரு பெயரும் அக்கடைக்கு ஒரு வாடிக்கையாளரை அனுப்பி வைக்கிறது. ஊதியம் பெறாத முகவர்களாக நாம் உழைக்கிறோம். பல்லில்லாதவரை நகைத்துப் பேசினால் பண்பில்லை என்பவர்கள், முடியில்லாதவரை நகைப்பதை மட்டும் நகைச்சுவை உணர்வு என்கிறார்கள்.

இதில் வள்ளுவரையும் துணைக்கு அழைப்பார் உளர். மானம் என்னும் அதிகாரத்தில், நிலையினின்று தாழ்ந்தவருக்குத் தலையினின்று வீழ்ந்த மயிரை அவர் உவமை கூறினார் அல்லவா? அதைக் கொண்டு வழுக்கையரை நையாண்டி செய்து பேசிய ஒரு பட்டிமன்றத்தை நான் கேட்டிருக்கிறேன். அரங்கமே கைதட்டியது. குறளைச் சற்றே நின்று படித்திருந்தால் கைகள் எழுந்திரா. இழிந்ததாக அங்கே கூறப்படுவது கீழே விழுந்த மயிர். அதை உதிர்த்துவிட்டு நிமிர்ந்து நிற்கும் தலையைப் பற்றி வள்ளுவர் ஒரு சொல்லும் கூறவில்லை. உவமைக்கும் பொருளுக்கும் உள்ள வேறுபாட்டை மாணாக்கருக்குக் கற்பிப்பவர் மேடையில் அதை மறக்கலாகாது.

தைப்பூசத்தன்று பத்துமலையில் முடி இறக்கிச் சந்தனம் பூசிவரும் தலைகளை நாம் எவ்வளவு பரிவோடு நோக்குகிறோம்! மறுவாரம் அதே பளபளப்பு ஒருவரின் பிறப்புரிமையாக அமைந்திருந்தால் வாய்பொத்திச் சிரிக்கிறோம். தானே விரும்பி மழித்த தலை வணக்கத்துக்கு உரியது, தன்னை அறியாமல் உதிர்ந்த தலை நகைப்புக்கு உரியது என்பதற்கு எந்நூலில் விதி இருக்கிறது? முடியை வைத்து மனிதனை எடைபோடும் வழக்கம் அரசுகளையும் விட்டதில்லை. 1970-களில் சிங்கப்பூரில், நீள்முடி வைத்த ஆடவருக்குக் கடைசியில்தான் பணி செய்யப்படும் என்று அலுவலகங்களில் அறிவிப்பு ஒட்டினார்கள். அன்று முடி மிகுந்தவனுக்கு வரிசையில் கடைசி இடம். இன்று குறைந்தவனுக்கு நம் பேச்சில் கடைசி இடம்.

பெரியவர்கள் எப்படியோ தாங்கிக்கொள்வார்கள். ஐந்தாம் ஆண்டில் பயிலும் ஒரு சிறுமியை எண்ணிப் பாருங்கள். புழுவெட்டுப் பரவித் தலை முழுதும் வெறுமையானது. தாய் கடன் வாங்கி ஒரு பொய்ம்முடி வாங்கித் தந்தார். விளையாட்டு நேரத்தில் ஒரு மாணவன் அதைப் பிடுங்கி வீச, மற்றப் பிள்ளைகள் பந்தாக உதைத்தார்கள். கண்டிக்க வந்த ஆசிரியர், ‘இதை ஏன் பள்ளிக்குப் போட்டு வந்தாய்?’ என்று அச்சிறுமியைக் கேட்டாராம். நம் நாட்டில் ஒரு பள்ளியில் நடந்தது இது. எப்பள்ளி என்பது தேவையில்லை. சிறுமி மூன்று வாரம் வீட்டைவிட்டு வெளியே வரவில்லை. பிடுங்கியவன் குழந்தை, அவனைத் திருத்தலாம். கேள்வியை இடம்மாற்றிக் கேட்ட ஆசிரியருக்கு யார் பாடம் நடத்துவது?

‘இயற்கை தந்ததை ஏற்றுக்கொள்வதே பெருமை, பொய்ம்முடி எதற்கு?’ என்பார் சிலர். கேட்பதற்கு உயர்ந்த கொள்கைதான். இதைக் கூறுவோரில் பலர் தலைக்கு மை பூசியிருப்பார்கள் என்பது வேறு செய்தி. வழுக்கையோடு நிமிர்ந்து நடப்பவரை நான் மதிக்கிறேன். ஆனால் ஏற்றுக்கொள்ளும் துணிவு ஒருவர் தமக்குத் தாமே வருவித்துக்கொள்வது. பிறர்மேல் சுமத்தும் கட்டளை ஆகாது. புற்றுநோய் மருத்துவத்தால் புருவமும் இழந்த ஒரு தாய், தம் பிள்ளையின் திருமணத்தில் தாம் நோயாளியாகத் தோன்றாமல் தாயாகத் தோன்ற விரும்புகிறார். அவரிடம் சென்று இயற்கையைப் பற்றிச் சொற்பொழிவாற்ற எனக்கு நாவெழாது. அவருக்கு நல்ல பொய்ம்முடி நேர்மையான விலையில் கிடைக்கவேண்டும், அவ்வளவே.

நேர்மையான விலை என்பதற்கு என்ன பொருள்? விற்பவர் எழுத்தில் தரவேண்டியவை உள்ளன: மனித முடியா, செயற்கை இழையா, அடித்தளம் எதனால் ஆனது, எத்தனை மாதம் உழைக்கும், பராமரிப்புக்கு மாதம் எவ்வளவு, இடையில் விலகினால் எவ்வளவு திரும்பும். ‘முடி வளரும்’ என்று கூறுவாராயின், அப்பொருள் மருந்தாகப் பதிவு பெற்றதா என்று கேளுங்கள். மலேசியாவில் பதிவுபெற்ற மருந்தின் உறையில் ‘மால்’ என்னும் எழுத்துகளோடு தொடங்கும் எண் இருக்கும். ஒப்பனைப் பொருளுக்கு நோய் தீர்க்கும் என்று கூறிக்கொள்ளும் உரிமை இல்லை. மருந்து விளம்பரத்தைக் கட்டுப்படுத்த 1956-ஆம் ஆண்டுச் சட்டமே இங்கு உண்டு. ஏமாந்தவர் வாய்மூடி இருக்கவும் வேண்டியதில்லை. 1999-ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் அமைந்த நடுவர் மன்றத்தில் ஐந்து ரிங்கிட் கட்டணத்தில், வழக்கறிஞர் இன்றியே 50,000 ரிங்கிட் வரை கோரலாம். சிங்கப்பூரில் சிறு கோரிக்கை நடுவர் மன்றம் 20,000 வெள்ளி வரை கேட்கிறது. இவ்வளவு எளிய வழியிருந்தும் வழுக்கையைப் பற்றிய வழக்கு என்றவுடன் நம்மவர் பின்வாங்குகிறார்கள். மன்றத்தில் தலையைக் காட்ட நேருமே என்று அஞ்சுகிறார்கள். ஏமாற்றியவர் அவ்வச்சத்தை நன்கு கணக்கிட்டு வைத்திருக்கிறார்.

அவ்வச்சத்தைக் குறைப்பது நம் கையில் உள்ள வேலை. தொப்பியோ தலைத்துணியோ பொய்ம்முடியோ அணிந்துவரும் பிள்ளைக்கு விதிவிலக்கு உண்டென்பதைத் தலைமையாசிரியர் ஆசிரியர் கூட்டத்தில் ஒருமுறை வெளிப்படையாக அறிவித்தால், தாய்மார் மருத்துவச் சான்றிதழோடு அறைவாசலில் காத்துநிற்க நேராது. புழுவெட்டு தொற்றாது என்பதை அறிவியல் பாடத்தில் ஐந்து நிமிடம் கூறலாம். கலைவிழா நாடகங்களிலோ, வழுக்கைத் தலையர் ஒருவர் வந்து மண்டையில் அடிவாங்காமல் நம் நகைச்சுவைக் காட்சி நிறைவுறுவதில்லை. அவ்வழுக்கையையும் நாம் ரப்பர்த் தொப்பி மாட்டித்தான் உண்டாக்குகிறோம். இவ்வாண்டு ஒத்திகை தொடங்குமுன் அந்த வேடத்தை எடுத்துவிட்டு, நாடகம் நிற்கிறதா என்று பார்க்கலாம். முன்வரிசையில் ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகள் அமர்ந்திருப்பார்கள்.